எத்தனை நாள் வெயில்

மும்பை நகரத்துக்குத் தமிழர் என்றால் இட்லி. சீனர் என்றால் மஞ்சூரியன். விடிவதற்கு முன்பே தாராவி லேபர் கேம்ப் சந்துகளில் இட்லி வேகிற ஆவி கிளம்பிவிடும். அலுமினியப் பாத்திரத்தையும் சட்னி வாளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்கள் சயான், பாந்த்ரா, அந்தேரி என்று பிரிந்து போவார்கள். பொழுது சாய்ந்தபின் அந்தந்தத் தெருமுனைகளில் சிவப்பு வண்டிகள் வந்து நிற்கும். பக்கவாட்டில் டிராகன் படம், விளிம்பில் சாஸ் பாட்டில் வரிசை, எகிறும் தீயில் கடாய். இட்லிக்காரர் மதுரை, விருதுநகர்ப் பக்கத்து ஆள். சைனீஸ் வண்டியில் கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் நேபாளி. இரண்டு இடத்திலும் விற்பது இந்த நகரம் கேட்கிற சாப்பாடு. விற்கிறவர் தன் வீட்டில் என்ன தின்கிறார் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வெகுகாலமாக மனதில் கிடந்த இதை எழுதத் தூண்டியது செம்பூரில் நான் சாப்பிட்ட ஒரு ஹக்கா வீட்டுச் சாப்பாடு. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

மாதுங்காவில் ராமாஷ்ரயா 1939இல் தொடங்கியது. கஃபே மெட்ராஸ் 1940. ராமா நாயக்கின் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. மூன்றையும் தொடங்கியவர்கள் கர்நாடகக் கடற்கரைக்காரர்கள். நல்ல சமையல், நானும் அங்கே வரிசையில் நின்று சாப்பிடுகிறவன்தான். ஆனால் அந்தச் சைவச் சமையல்தான் ‘மதராஸி’ என்று நகரத்தின் மனதில் பதிந்துபோனது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தலித்துகள், நாடார்கள், தமிழ் முஸ்லிம்கள் என்று தமிழர்கள் அடர்ந்து வாழ்கிற இடம். அங்கே அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் கருவாட்டுக் குழம்பு, குடல் கறி, மாட்டுக்கறி வறுவல். அதற்கு மாதுங்காவில் ஒரு மேசைகூட இல்லை.

சீனச் சமையலுக்கும் இதே கதிதான். மும்பையின் தெருவோரத் தோசைக் கல்லில் இன்று ‘செஸ்வான்’ தடவாத கடை அரிது. சிச்சுவான் மாகாணத்தின் பெயர் திரிந்து அப்படி ஆனது. கொலாபாவின் தாஜ் ஹோட்டலில் 1973இல் ‘கோல்டன் டிராகன்’ திறந்தபோது சிச்சுவான் சமையல் இந்த ஊர்ப் பணக்கார மேசைக்கு வந்தது. அங்கிருந்து இறங்கி இறங்கித் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மிளகாய், பூண்டு, வினிகர், சிவப்பு நிறம் ஆகியவை மிஞ்சின. அந்தச் சமையலின் உயிரான சிச்சுவான் மிளகு வழியிலேயே நின்றுவிட்டது. நாக்கையும் உதட்டையும் மரத்துப்போகச் செய்து கிறுகிறுக்க வைக்கிற விதை உறை அது. அதிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013இல் சோதித்துப் பார்த்து, உதட்டில் ஏறும் அந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 50 தடவை என்று கண்டார்கள்.

என்னை நிற்க வைப்பது வேறொன்று. இந்த மிளகின் நெருங்கிய உறவு நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. கொங்கணிகள் திர்பள் என்றும் தெப்பள் என்றும் சொல்கிற காய் அதே பேரினத்தைச் சேர்ந்தது. அயிலைக் குழம்பில் அதைத் தட்டிப் போடுவார்கள். மாதுங்கா மார்க்கெட்டில் கொங்கணிச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. சைனீஸ் வண்டியில் நிற்கிற நேபாளியின் ஊரில் அதன் இன்னொரு உறவு திமூர். அவர் அம்மா அதைத் துவையலில் அரைப்பார். ஆக, வண்டிக்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக் கொங்கணிக்கும் தெரியும். இருவருக்கும் நடுவில் நின்று செஸ்வான் ரைஸ் தின்கிறவனுக்கு மட்டும் தெரியாது. விற்பனைக்கு ஏற்ற ருசி என்று ஒன்று தீர்மானமானபின், தெரிந்தவர்களும் தெரிந்ததை வெளியில் எடுப்பதில்லை.

மஞ்சூரியனை நான் பழிக்க வரவில்லை. அதைப் போலிச் சீன உணவு என்று முகம் சுளிப்பது படித்தவர்களிடையே இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரராக இருந்தபோது, புதிதாக ஏதாவது செய்து தரச் சொன்ன ஒருவருக்காகக் கோழித் துண்டுகளைச் சோள மாவில் புரட்டிப் பொரித்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, மசாலாத் தூளுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி இறக்கினார். அவரே பலமுறை சொன்ன கதை. பிழைக்க வந்த ஊரின் நாக்கைப் படித்து, அதற்குத் தன் கைப்பக்குவத்தில் பதில் சொன்ன ஒரு தொழிலாளியின் கண்டுபிடிப்பு அது. இன்று தமிழ்நாட்டில் கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாணப் பந்தி குறைவு. மரியாதைக்குரிய சாதனை. ஆனால் அந்தச் சாதனையே ஒரு சுவராகவும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒரு வீடு இருக்கிறது என்பதே நமக்கு மறந்துபோனது.

அந்த வீடு எங்கே இருந்தது? மஜ்காவில் நவாப் டேங்க் ரோடு அருகே ஒரு சீனக் கோயில் இருக்கிறது. சீ யுப் கூன் என்று பெயர்; 1919இல் கட்டப்பட்டது. கப்பல் வேலைக்கு வந்த குவாங்டாங் மாகாணத்து மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் எழுப்பியது. சுற்றிலும் ஒரு சீனக் குடியிருப்பு இருந்தது. 1962 இந்திய-சீன யுத்தத்துக்குப் பிறகு அது கரைந்தது. நாடு முழுவதும் சீன வம்சாவளியினர் போலீஸ் கண்காணிப்புக்குள் வந்தார்கள். அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்து மலைப்பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் 1967 வரை அங்கே கிடந்தார்கள். இங்கேயே பிறந்தவர்கள் அதில் அதிகம். அதே காலத்தில் இந்த நகரம் எங்களைப் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது: 1966இல் சிவசேனை பிறந்தது, ‘மதராஸி’களை விரட்டு என்ற கோஷம் எழுந்தது, உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடிகள் உடைந்தன. சந்தேகத்துக்கு ஆளானவர்கள் தம் வீட்டு வாசனையை வெளியே விடமாட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாளிப்பார்கள்.

இனி ஹக்கா. இந்தியாவின் எல்லாச் சைனீஸ் வண்டியிலும் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று எழுதியிருக்கும். அது ஒரு மக்களின் பெயர். வட சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே நகர்ந்து, நல்ல நிலமெல்லாம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால் மலைச்சரிவுகளில் குடியேறியவர்கள். கொல்கத்தாவுக்கு வந்த ஹக்காக்களில் பெரும்பாலோர் குவாங்டாங்கின் மெய்ஷியன் மலைப்பகுதிக்காரர்கள். கொல்கத்தாவில் கான்டனியர்கள் தச்சு வேலையிலும், ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியத்திலும் இருந்தார்கள். ஹக்காக்கள் செருப்புத் தைக்கவும் தோல் பதனிடவும் போனார்கள். ஊருக்குக் கிழக்கே தாங்ரா என்ற சதுப்பு நிலத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்களுடைய தோல்கூடங்கள் பெருகின. ஏன் தோல்? சாதி இந்துக்கள் தொடமாட்டார்கள். இடம் காலியாக இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் எலன் ஆக்ஸ்ஃபெல்ட் தாங்ராவில் தங்கி ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூல் இந்த உறவை விரிவாகச் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட வேலை, ஒதுக்குப்புற நிலம், வெளியூர் மக்கள்: மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் தாங்ரா.

தாராவியும் அப்படித்தான் உருவானது. 1880களில் தீவின் தென்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். மாஹிம் ஓடையின் சதுப்பு ஓரம், பக்கத்திலேயே பாந்த்ரா இறைச்சிக்கூடம். தோல் வேலை தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் கூடங்களை அமைத்தார்கள். நெல்லைப் பக்கத்துத் தலித்துகள் தொட்டிகளில் இறங்கினார்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அதை வாங்கிப் படித்தேன். திண்டுக்கல் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புத் தொட்டிகளை எனக்குத் தெரியும். என் பெரியப்பா தாராவியில் அதில் நின்றவர்.

பச்சைத் தோல் வந்து இறங்கியதும் முதல் வேலை உப்புப் போடுவது. கல்லுப்பை அள்ளி உள்பக்கம் தேய்த்து அடுக்குவார்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் அழுகிவிடும். பிறகு ஊறவைத்து உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் போட்டு முடி கழற்றி, சதைச் சவ்வைச் சீவி, பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ பதம் பண்ணுவது. பெரியப்பாவின் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்திருக்கும். வெடிப்பில் உப்புப் பட்டால் எரியும் என்பதால் இரவுச் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். கரண்டியால் சாப்பிடுகிற துரை என்று தெருவில் கேலி செய்திருக்கிறார்கள்.

இரண்டு ஊர்த் தோல்கூடங்களும் ஒரே மாதிரி முடிந்தன. பாந்த்ரா இறைச்சிக்கூடம் 1970களின் தொடக்கத்தில் தேவ்னாருக்குப் போனது. அதன்பின் தாராவியில் பதனிடுதல் படிப்படியாகச் சுருங்கி, பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கிற பட்டறைகள் மிஞ்சின. கொல்கத்தாவில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தாங்ராவின் தோல்கூடங்கள் ஊருக்கு வெளியே பன்தலாவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. போக வசதியில்லாத பலர் கூடத்தைக் கழுவிவிட்டு மேசை நாற்காலி போட்டு உணவகம் ஆக்கினார்கள். பலர் கனடா போய்விட்டார்கள். டொரான்டோவில் இன்று ஹக்கா உணவகம் என்று பலகை மாட்டியிருந்தால் உள்ளே கிடைப்பது மஞ்சூரியனும் மிளகாய்க் கோழியும். கடல் தாண்டியும் விற்கிற சமையல்தான் கூடவே போயிருக்கிறது.

செம்பூரில் எனக்கு அந்தச் சாப்பாட்டைப் போட்ட கடைக்காரர் தாங்ராவில் பிறந்தவர். அப்பாவின் தோல்கூடம் மூடப்பட்டபின் மும்பைக்கு வந்து ஓட்டல்களில் கடாய் பிடித்து, பிறகு சொந்தமாக ஒரு சிறிய கடை போட்டார். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆறேழு மேசை. மெனு அட்டையில் வழக்கமான சரக்கு: டிரிபிள் செஸ்வான், சில்லி சிக்கன், அமெரிக்கன் சாப்சூயி. நான் அங்கே வாடிக்கை. ஒருநாள் மதியம் கூட்டம் ஓய்ந்தபின் அவரும் மனைவியும் பின்மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளைச் சோறு, கரிய இலைக் குவியல், அதன்மேல் பளபளக்கும் இறைச்சித் துண்டங்கள். என்ன அது என்று கேட்டேன். வீட்டுச் சாப்பாடு, உங்களுக்குப் பிடிக்காது என்று ஹிந்தியில் சொன்னார். தாராவிக்காரன் நான், தோல்கூடத்துக் குடும்பம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிவாருங்கள் என்றார்.

பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். ஆறுமுகநேரிப் பக்கம் பிறந்து, சிறுவயதில் உப்பளத்தில் கூடை சுமந்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். சைனீஸ் என்றாலே அஜினோமோட்டோ, வயிற்றுக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முதலில் வந்தது உப்புக்கோழி. முழுக் கோழியைக் காகிதத்தில் சுற்றி, சட்டியில் வறுத்துச் சூடேற்றிய கல்லுப்புக்குள் புதைத்து வேகவைப்பது. உப்புத் தொழிலாளிகள் வேலையிடத்தில் கண்டுபிடித்தது என்று ஹக்காக்களிடையே ஒரு கதை உண்டாம். தோல் மஞ்சளாக இறுகி, உள்ளே சாறு வற்றாமல் இருந்தது. மிளகாய் இல்லை, மசாலா இல்லை, தொட்டுக்கொள்ள இஞ்சி அரைத்த எண்ணெய் மட்டும். சைனீஸ் என்றால் நாக்கில் மோதுகிற காரமும் இனிப்பும் என்று பழகியவனுக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாயில் கோழி தெரிந்தது. கோழிக்கு ஒரு ருசி உண்டு என்பதே மும்பை வாழ்க்கையில் மறந்துபோகிற சங்கதி. பெரியம்மா கதையைக் கேட்டுவிட்டு, “அளத்துல நாங்க கிழங்கு புதைப்போம்” என்றார்.

அடுத்து டோஃபுத் துண்டுகளின் வயிற்றைக் கீறி, கொத்திய இறைச்சி அடைத்துப் பொரித்து, மெல்லிய சாற்றில் வேகவைத்தது. வடக்கே கோதுமை மாவில் கொழுக்கட்டை பிடித்தவர்கள் தெற்கே வந்தபோது கோதுமை கிடைக்காமல் டோஃபுவுக்குள் அடைத்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. நன்றாக இருந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் அந்தப் பின்மேசைச் சாப்பாடு. பன்றியின் வயிற்றுக்கறியைத் தோலோடு வேகவைத்து, தோலில் சோயா தடவிப் பொரித்து, விரல் கனத்துக்கு அரிந்து கிண்ணத்தில் தோல் கீழாக அடுக்கி, மேலே பதப்படுத்திய கடுகுக் கீரையை அமுக்கி, மணிக்கணக்காக ஆவியில் வைத்து, தட்டில் கவிழ்த்து வைப்பது. கொழுப்பு உருகிக் கீரைக்குள் இறங்கியிருக்கும். கீரையின் உப்பும் புளிப்பும் கறிக்குள் ஏறியிருக்கும். வாயில் வைத்ததும் எனக்கு அது எந்த வகையிலும் பிடிபடவில்லை. இனிப்பு மாதிரி தொடங்கியது, பின்னால் மண்வாசனை, அதன்பின் நாள்பட்ட புளிப்பு. கூடவே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தது. சோற்றோடு பிசைந்து இன்னும் கொஞ்சம் சாப்பிட்டபோதுதான் அதன் கணக்கு புரிந்தது. இது நிறையச் சோறு தின்கிறவனுக்கான கறி. ஒரு துண்டுக்கு ஒரு கிண்ணம் சோறு இறங்கும். மலைச்சரிவில் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் தொட்டியில் நின்று வேர்த்தவனுக்கும் உடம்பிலிருந்து போன உப்பையும் கொழுப்பையும் திருப்பித் தருகிற சாப்பாடு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ருசி பார்க்கிற சமையல் ஒன்று உண்டு. இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

பெரியம்மா பன்றியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கீரையை மட்டும் ஒதுக்கி எடுத்துச் சோற்றில் வைத்து மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு என்னிடம், “இதுக்கு எத்தன நாள் வெயிலு காட்டணும்னு அந்த ஐயாட்ட கேளுய்யா” என்றார்.

நான் ஹிந்தியில் கேட்டேன். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீரையை முதலில் ஒருநாள் வாடவிட வேண்டும். உப்புத் தேய்த்து ஜாடியில் அமுக்கி அரைமாதம் வைத்துப் புளிக்கவிட வேண்டும். எடுத்து அவித்துக் காயவைத்து, மறுபடி அவித்துக் காயவைத்து, நிறம் கறுத்து ஒடிகிற பதம் வரும்வரை. மொத்தம் எத்தனை நாள் என்பது வெயில் சொல்வது. தாங்ராவில் டிசம்பர், ஜனவரியில் அம்மா தோல் காய்கிற கூரைக்குப் பக்கத்திலேயே இதையும் விரிப்பாராம். மும்பையில் தனக்கு விரிக்க இடமில்லை. கொல்கத்தாவில் இருக்கிற அத்தைதான் அனுப்புகிறார், அவருக்கும் வயதாகிவிட்டது என்றார்.

“பனி விழுந்தா ருசி கெட்டுரும். சாயங்காலமே உள்ள எடுத்துரணும். கருவாட்டுக்கும் அதான்” என்றார் பெரியம்மா. நான் மொழிபெயர்த்தேன். ஆமாம், சூரியன் இறங்குவதற்குமுன் எடுக்காவிட்டால் அம்மாவிடம் அடி விழும் என்றார் அவர். அதற்குப்பின் இருவரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. பெரியம்மாவின் தாராவி ஹிந்தியும் அவருடைய கொல்கத்தா ஹிந்தியும் எப்படியோ ஒத்துப்போயின. உப்பின் அளவு, எறும்பு வராமலிருக்க என்ன செய்வது, ஈரம் இருக்கிறதா என்று முறித்துப் பார்ப்பது எப்படி, இப்படியே பேச்சு ஓடியது. ருசியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்நியச் சமையலைத் தின்று பார்த்தவர்கள் எழுதுவதையெல்லாம் நான் விரும்பிப் படிப்பவன். ருசிதான் எப்போதும் முன்னால் நிற்கும். நாக்கு வியக்கும், நாக்கு தீர்ப்புச் சொல்லும். பெரியம்மா வேலையைக் கேட்டார். எதைப் பதப்படுத்தி வைக்கிறார்கள், எதற்குப் பயந்து வைக்கிறார்கள், எவ்வளவு பாடு என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்கு அது சீனச் சாப்பாடாக இல்லை; இன்னொரு பொம்பளை வெயிலில் நின்று செய்த வேலையாக இருந்தது. ஒரு சமையலுக்குள் நுழைய இதைவிடச் சரியான வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கீரையின் இடத்தில் இருப்பது உப்புக்கண்டம். மாட்டுக்கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் புரட்டி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவது. காய்ந்ததைத் தணலில் சுட்டுத் தட்டிப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கு மழைக்காலம் முழுக்க அதுதான். தோலுக்கு உப்பு, கறிக்கு உப்பு; ஒரே மூட்டை. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளைகளை வெட்டவும் தடை வந்தபின் எருமைக்கறியில் செய்கிறார்கள். நார் கொஞ்சம் முரடு என்று பெரியம்மா குறைப்படுவார். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. நைன்டி ஃபீட் ரோட்டில் எத்தனையோ தமிழ் ஓட்டல்கள் உண்டு. எந்தப் பலகையிலும் அந்தப் பெயரைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போன பிள்ளைகள் டப்பாவை மூடியே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்த கதை எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

வீட்டுச் சமையலுக்கும் விற்கிற சமையலுக்கும் நடுவே இருக்கிற தூரம் ருசியால் வந்தது என்று நம்ப எனக்கு மனமில்லை. கடுகுக் கீரையும் பன்றிக்கொழுப்பும் யாருக்கும் பிடிக்கக்கூடியது, உப்புக்கண்டமும் அப்படியே. தொட்டவனைத் தீட்டு என்றார்கள், முகத்தைப் பார்த்து எதிரி என்றார்கள். அவனவன் தன் சட்டியை உள்ளே இழுத்துக்கொண்டான். வெளியே இட்லியையும் மஞ்சூரியனையும் வைத்தான். அவை குற்றமற்றவை, யார் மனதையும் சங்கடப்படுத்தாதவை.

தமிழரும் சீனரும் ஒரே அடுப்பில் சமைத்த ஒரு காலமும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில், நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தான் கண்ட ஒரு சிறு குடியிருப்பைப் பற்றி எழுதுகிறார். மலாயாப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகளும் தலித் தமிழ்ப் பெண்களும் மணந்து உண்டான குடும்பங்கள். காய்கறி பயிரிட்டும் மாடு வளர்த்தும் வாழ்ந்தார்கள். தர்ஸ்டன் அவர்களுடைய மூக்கை அளந்து குறித்துவைத்தார். அந்தப் பெண்கள் என்ன குழம்பு வைத்தார்கள், கணவன்மார் எதை ஊறுகாய் போட்டார்கள் என்று அவர் கேட்டிருந்தால் இன்று எவ்வளவு பெரிய செல்வம் நம் கையில் இருந்திருக்கும்! கேட்கத் தகுந்த கேள்வி என்று அவருக்குத் தோன்றவில்லை. நூறு வருடம் கழிந்து அதே அலட்சியத்தை நாம் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் இந்தச் சாப்பாட்டை மெனுவில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் கேட்கமாட்டார்கள், அத்தை அனுப்புகிற கீரை வீட்டுக்கே போதாது என்றார். கீரை இங்கேயே கிடைக்கிறதே என்றார் பெரியம்மா. உண்மைதான். பனிக்காலத்தில் சயான் மார்க்கெட்டில் பஞ்சாபிகளுக்காக வந்து இறங்குகிற சர்சோன் அதே கடுகினம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயப்போடலாம் என்றும் அவரே சொன்னார். அடுத்து வந்த ஜனவரியில் கடைக்காரரின் மனைவி ஜாடியோடு லேபர் கேம்ப் வந்தார். முதல் விரிப்பில் உப்புக் கூடிப்போனது. அடுத்தது சரியாக வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மெனு அட்டைக்கு வெளியே, கேட்டால் அந்தக் கறி கிடைக்கும். கேட்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள்.

அந்த மாடி எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. வீடுவீடாகக் கணக்கெடுத்துச் சுவரில் எண் எழுதியிருக்கிறார்கள். தகுதி உள்ளவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி என்கிறார்கள். தகுதி இல்லை என்று முடிவாகிறவர்களை வைக்க ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேட்டு நிலம். இறைச்சிக்கூடத்தை அனுப்பிய ஊருக்கே மனிதர்களும் போக வேண்டும். சமையலறை, கழிப்பறை, அறைகளின் எண்ணிக்கையெல்லாம் பேசப்படுகின்றன. காயப்போட எங்கே இடம் என்பது எந்தப் படத்திலும் இல்லை. தாராவி கோலிவாடாவின் மீனவப் பெண்களுக்கும், அப்பளமிட்டுக் கூடைமேல் உலர்த்துகிற பெண்களுக்கும் அது வெறும் வசதியில்லை, பிழைப்பு. உச்சிமாடியைப் பூட்டி வைக்காமல் வெயிலும் தண்ணீர்க் குழாயும் உள்ள பொதுத் தளமாக விட வேண்டும் என்று எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. காயப்போடும் பண்டங்கள் என்று கருவாடு, வத்தல், அப்பளம், உப்புக்கண்டம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, பெரியம்மாவிடம் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். கடுகுக் கீரையையும் சேர்த்து எழுதிய பிறகுதான் போட்டார்.